சியர்ஸ் 1902 கேட்லாக்: அளவெடுக்கும் பக்கங்களுக்காகவே வாங்கலாம்

என் வேலை தையல். இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், வீட்டுப் பேஸ்மென்ட்டில் இரண்டு மிஷின் போட்டு ஆல்டரேஷன் செய்து கொடுக்கிறேன். என்னிடம் வரும் உடுப்புகளில் பாதிக்கு மேல் இணையத்தில் வாங்கியவை. தோள் இறங்கியிருக்கும், கை நீண்டிருக்கும், இடுப்பு பிடிக்கும். திருப்பி அனுப்பும் கெடு தாண்டிப்போன பிறகு பையோடு என்னிடம் வருவார்கள். "போட்டுப் பார்க்காமல் எப்படித்தான் வாங்குகிறீர்களோ" என்று ஒருநாள் ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டேன். எழுபதைத் தாண்டியவர், பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். "என் பாட்டி தன் கல்யாண உடுப்பையே பார்க்காமல்தான் வாங்கினாள், அது கச்சிதமாக இருந்ததாம்" என்றார். அடுத்த வாரம் உடுப்பை வாங்க வந்தபோது, தபாலில் ஆர்டர் வாங்கிச் சாமான் அனுப்பிய சிகாகோவின் சியர்ஸ் ரோபக் கம்பெனியின் 1902ஆம் ஆண்டு கேட்லாக் மறுபதிப்பாகக் கிடைக்கிறது, வாங்கிப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாங்கினேன். இரண்டு தடவை வாங்க வேண்டியதாயிற்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது ஏமாறாமல் இருக்கலாம். முதலில் வந்த பிரதி, ஆர்டர் கொடுத்த பிறகு அச்சடித்துக் கொடுக்கும் வகை. பழைய பக்கங்களை யாரோ அவசரத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். சில பக்கங்கள் சாய்ந்திருந்தன, சில இடங்களில் விலையே மங்கிப்போயிருந்தது, தையல் மிஷின் பகுதியில் ஒரு தாளையே காணவில்லை. கேட்லாக்கில் விலை தெரியாவிட்டால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது? திருப்பி அனுப்பிவிட்டு, பழைய புத்தகக் கடையில் சில பத்தாண்டுகளுக்கு முன் அச்சான கனமான பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. வாங்குபவர்கள் பழைய அச்சையே தேடுங்கள். எழுத்து மட்டும் எந்தப் பதிப்பிலும் பொடிதான். அந்தக் காலத்தில் ஒரு பக்கத்தில் எவ்வளவு திணிக்க முடியுமோ அவ்வளவு திணித்திருக்கிறார்கள். கருப்புத் துணியில் தையல் பிரிக்க நான் வைத்திருக்கும் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை வைத்துத்தான் படிக்கிறேன்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? எல்லாமே இருக்கிறது. அடுப்பு, குதிரை வண்டி, சேணம், துப்பாக்கி, ஆர்கன், பைபிள், வெண்ணெய் கடையும் கருவி, கோர்செட், தொப்பி, சுவர்க் கடிகாரம், ஊருக்குப் படம் ஓட்டிக் காட்டிக் காசு பார்க்கும் கருவிகள்கூட. முதல் இரண்டு நாள் நானும் எல்லோரையும் போல விலைகளைப் பார்த்துக்கொண்டே புரட்டினேன். மூன்றாம் நாள்தான் ஆர்டர் எழுதுவது எப்படி என்று விளக்கும் பகுதிகளுக்கு வந்தேன். அதிலிருந்து வெளியே வர ஒரு வாரம் ஆயிற்று.

ஆண்களுக்கான கோட்டுக்கு எப்படி அளவெடுப்பது என்று படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மார்புச் சுற்றளவைக் கைக்கு அடியில், உள்கோட்டு மேல் வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். கால் நீளம் கவட்டிலிருந்து குதிகால் வரை. இதோடு உயரம், எடை, வயது மூன்றையும் எழுதச் சொல்கிறார்கள். அந்த மூன்றைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. காரணம் சொல்கிறேன். வீட்டில் தெரியாத கை எடுக்கும் அளவு எப்போதும் ஒரு இடத்தில் தப்பாக இருக்கும். நாடாவை இறுக்கிப் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் முதுகில் தொங்கவிட்டு எடுப்பார்கள். உயரமும் எடையும் வயதும் தெரிந்தால் வெட்டுகிறவருக்குக் கணக்குப் புரிந்துவிடும். ஐந்தரை அடி உயரம், நூற்றுத் தொண்ணூறு பவுண்டு எடை, ஐம்பது வயது என்று எழுதியவருக்கு இடுப்பு முப்பத்திரண்டு என்று வந்திருந்தால், நாடாவைப் பிடித்தவர் தப்புப் பண்ணிவிட்டார் என்று சிகாகோவில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். ஒருவர் சொன்ன அளவை அவரைப் பற்றிய இன்னொரு விவரத்தை வைத்துச் சரிபார்ப்பது நல்ல தையல்காரர்கள் கண்ணால் செய்யும் வேலை. அதை ஒரு படிவத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மற்ற சாமான்களுக்கும் இப்படித்தான். மோதிரத்துக்கு விரலைச் சுற்றிக் காகிதத் துண்டு. தலையில் வைத்துப் பின்னும் சவுரிக்கு உங்கள் முடியில் ஒரு கற்றை வெட்டிக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும், நிறம் பார்த்துச் சேர்த்துத் தருவார்கள். மூக்குக் கண்ணாடிக்கு எழுத்துச் சோதனை, வீட்டிலேயே வைத்துப் பார்த்து எழுதி அனுப்பலாம். நெப்ராஸ்காவில் பண்ணை வீட்டு அடுக்களை மேஜையில் ஒரு பெண் தன் கூந்தலில் ஒரு கற்றையை வெட்டி உறைக்குள் வைப்பதை நினைத்துப் பார்க்கிறேன். கடைக்காரர் முகம் பார்த்ததில்லை, கடை இருக்கும் ஊரையும் பார்த்ததில்லை. ஆனாலும் உடம்பின் விவரம் எல்லாம் எழுதி, பணத்தையும் சேர்த்து அனுப்புகிறாள். அவள் எதை நம்பி அனுப்பினாள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளப் புத்தகத்துக்கு வெளியேயும் கொஞ்சம் படித்தேன்.

1900இல் அமெரிக்கர்களில் பத்துக்கு ஆறு பேர் கிராமப்புறத்தில் இருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது ஊர்ச் சந்தியில் ஒரே ஒரு கடை. பல இடங்களில் கடைக்காரரே தபால் அதிகாரி, கடைக்குள்ளேயே தபால் நிலையம். சாமானில் விலை ஒட்டியிருக்காது, ஆளைப் பார்த்து விலை சொல்வார். கணக்கு நோட்டில் ஏறும், அறுவடை முடிந்ததும் தீர்க்க வேண்டும். அந்தக் கடைக்காரர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் கடனுக்கு மாவும் உப்பும் கொடுத்தவர்கள் அவர்கள்தான், கேட்லாக் கம்பெனிகள் ரொக்கம் கேட்டன. ஆனால் எல்லோருக்கும் ஒரே விலை என்று ஒரு புத்தகத்தில் அச்சடித்துக் கையில் கொடுப்பது பெரிய காரியம். பேரம் பேசத் தெரியாதவனுக்கும், பேசினால் அவமானப்படுகிறவனுக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

இதை ஆரம்பித்தது சியர்ஸ் இல்லை. ஆரோன் மாண்ட்கோமரி வார்ட், ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதி. விவசாயிகள் இடைத்தரகர்களைப் பற்றிப் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, மொத்தமாக வாங்கி நேரே அவர்களுக்கே அனுப்பினால் என்ன என்று யோசித்தவர். 1871 சிகாகோ தீயில் அவருடைய முதல் சரக்கு எரிந்துபோனது. 1872இல் மறுபடி தொடங்கினார். முதல் கேட்லாக் ஒரே ஒரு தாள், 163 சாமான்கள். கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கத்தின் பெயரைச் சொல்லி விற்றார். முகம் தெரியாதவன் சொல்வதை விவசாயி நம்பமாட்டான், ஆனால் தன் சங்கம் சொன்னால் நம்புவான். மறு வருஷமே சிகாகோவின் பெரிய நாளிதழ் ஒன்று இது மோசடி, ஜாக்கிரதை என்று எழுதி, பிறகு தவறை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டது. 1875இல், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று வார்ட் அறிவித்தார். அந்தப் பெண் முடிக் கற்றையை வெட்டி அனுப்பியதற்குப் பாதிப் பதில் இந்த வாக்குறுதியில் இருக்கிறது.

ரிச்சர்ட் சியர்ஸ் அதற்குப் பின் வந்தவர். 1886இல் மின்னசோட்டாவில் நார்த் ரெட்வுட் என்ற சின்ன ஊரில் ரயில் நிலைய ஏஜென்ட். உள்ளூர் நகைக்கடைக்காரர் வாங்க மறுத்த கடிகாரங்கள் அடங்கிய பெட்டி ஒன்று நிலையத்தில் கிடந்தது. அவர் அதை எடுத்து, அந்த ரயில் பாதை நெடுகிலும் இருந்த மற்ற ஏஜென்ட்டுகளுக்கு விற்றார். கையில் கட்டும் கடிகாரம் இல்லை, சட்டைப் பையில் வைக்கும் சங்கிலிக் கடிகாரம். கடிகாரம் பழுது பார்க்க ஆல்வா ரோபக் வந்து சேர்ந்தார். 1893இல் இருவர் பெயரும் சேர்ந்தது. சியர்ஸுக்கு எழுத்து வரும். கேட்லாக்கில் பெரும்பகுதியை அவரே எழுதினார். வாயால் பேசுகிற மாதிரி, நீட்டி முழக்கி, கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி எழுதுவார். வார்டின் கேட்லாக்கைவிடத் தன்னுடையதை நீள அகலத்தில் கொஞ்சம் சின்னதாக அச்சடித்தார் என்று சொல்வார்கள். வீட்டை ஒழுங்குபடுத்தும் பெண் பெரியதன் மேல்தானே சின்னதை அடுக்குவாள்? சியர்ஸ் எப்போதும் மேலே இருக்கும். உண்மையோ கதையோ, வீட்டு வேலை செய்த கைக்கு இது உடனே புரியும்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். ஜூலியஸ் ரோசன்வால்ட், 1862இல் இந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். அப்பா இங்கே துணிக்கடை வைத்திருந்தார். மகன் சிகாகோவில் ஆண்கள் சூட் தைத்து விற்றார். சியர்ஸ் விளம்பரம் கொடுத்துவிட்டு அப்புறம் சரக்குத் தேடும் ஆள். சூட்டுக்காக ரோசன்வால்டிடம் அவர் போய்ப் போய், 1895இல் ரோசன்வால்டே சியர்ஸ் கம்பெனியில் பங்குதாரர் ஆனார். அளவெடுக்கும் பக்கங்களில் யாரோ துணி தெரிந்தவரின் கை இருக்கிறது என்று எனக்கு முதலிலேயே தோன்றியது. அதை எழுதியது அவர்தான் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் துணிக்கடைப் பிள்ளை ஒருவர் அந்தக் கட்டடத்தில் இருந்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். பின்னாளில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து, தெற்கு மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்பப் பணம் கொடுத்தவரும் இவரே. ஊர் மக்களும் தங்கள் பங்குக்குப் பணமும் உழைப்பும் போட்டுத்தான் அவற்றைக் கட்டினார்கள்.

கறுப்பினத்தவருக்கும் இந்த கேட்லாக்குக்கும் இருந்த உறவைச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முடியாது. தெற்கில் கடைக்குப் போனால் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடியும்வரை நிற்க வேண்டும். எதை வாங்கலாம், எவ்வளவு கடன் என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பார். கேட்லாக்குக்குத் தோலின் நிறம் தெரியாது. அதைப் பொறுக்காத கடைக்காரத் தபால் அதிகாரிகள் ஸ்டாம்பும் மணியார்டரும் தர மறுத்த இடங்கள் உண்டு. அதற்கும் சியர்ஸ் வழி சொல்லிக்கொடுத்தது: கடிதத்தையும் பணத்தையும் வீட்டுக்கு வரும் தபால்காரர் கையிலேயே கொடுங்கள், மணியார்டரை அவர் எடுத்து அனுப்பிவிடுவார். எந்த மொழியிலும் எழுதலாம், கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்குப் புரியும் என்றும் சொன்னார்கள். புதிதாக வந்து இறங்கிய ஸ்வீடன்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊருக்கு வந்த புதிதில், நூல் கடையில் பாபின் என்ற ஒரு சொல்லைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் கண் கலங்கி நின்றவள் நான்.

வீட்டுக்கு வரும் தபால்காரர் என்பதே அப்போது புதுசு. கிராமங்களுக்கு வீடு தேடித் தபால் கொடுக்கும் திட்டம் 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கி, 1902இல்தான் நிரந்தரமானது. பார்சல் தபால் 1913 ஜனவரி 1இல் வந்தது. அதுவரை தபாலில் 4 பவுண்டுக்கு மேல் போகாது. அதனால்தான் இந்தப் புத்தகத்தில் இவ்வளவு ரயில் சரக்குக் கட்டணப் பட்டியல்கள். கனமான சாமானுக்கு ரயில் கூலி வாங்குபவர் தலையில்தான். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நூறு பவுண்டாக்கி ஒரே ஆர்டராக அனுப்புங்கள், கூலி மிச்சமாகும் என்று அவர்களே யோசனை சொல்கிறார்கள். தையல் மிஷின் வாங்கினால் குதிரை வண்டி கட்டிக்கொண்டு ரயில் நிலையம் போய் எடுத்து வர வேண்டும். இந்தக் கட்டணப் பக்கங்களை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன், நீங்களும் தாண்டலாம்.

மருந்துப் பகுதியைத் தாண்டாதீர்கள், ஆனால் கோபம் வரும். முகம் வெளுக்க ஆர்சனிக் வில்லைகள், டாக்டர் ரோஸ் என்ற பெயரில். ஆர்சனிக் விஷம் என்று அன்றைக்கே ஊருக்கே தெரியும், இதில் இருப்பது ஒன்றும் செய்யாது என்று எழுதி விற்றிருக்கிறார்கள். ஹைடல்பெர்க் மின்சார பெல்ட் என்று ஒன்று, விலை 18 டாலர். இடுப்பில் கட்டிக்கொண்டால் நரம்புத் தளர்ச்சி போகுமாம். குடியை மறக்க மருந்து, புகையிலையை மறக்க மருந்து. டாக்டர் பத்திருபது மைல் தள்ளி இருக்கும் வீட்டில், இரவில் விளக்கு வெளிச்சத்தில் இதைப் படித்து நம்பிப் பணம் அனுப்பியவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கோட்டு அளவில் காட்டிய அந்த நேர்மையை இங்கே காட்டவில்லை. கலப்படத்துக்கும் பொய் லேபிளுக்கும் எதிரான சட்டம் 1906இல் வந்தது. அதற்குப் பின்தான் இந்தப் பக்கங்கள் படிப்படியாக ஒழிந்தன. அந்தப் பகுதிக்கு என்னிடமிருந்து மதிப்பெண் கிடையாது.

உள்ளூர்க் கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் நியாயமே. ஊர்ச் சதுக்கத்தில் கேட்லாக்குகளைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். கேட்லாக் கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள். சியர்ஸும் விடவில்லை. 1905இல் அயோவாவில் நல்ல வாடிக்கையாளர்களுக்கு எழுதி, ஆளுக்கு 24 கேட்லாக் தருகிறோம், தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், அவர்கள் வாங்கினால் உங்களுக்குப் பரிசு என்றார்கள். அக்கம்பக்கத்து வாய்ச்சொல்லைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. எனக்கு வரும் வேலையும் அப்படித்தான் வருகிறது.

புத்தகம் படித்த சூட்டில் ஒரு சனிக்கிழமை கார்லின்வில் போய் வந்தோம். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். 1908 முதல் 1940 வரை சியர்ஸ் வீட்டையே கேட்லாக்கில் விற்றது. மரமெல்லாம் வெட்டி, துண்டு துண்டாக அடையாளம் போட்டு, ஆணி, பெயின்ட் சகிதம் ரயிலில் வரும், கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கார்லின்வில்லில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி தன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக 150க்கு மேல் இப்படி வாங்கிக் கட்டியது, பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. கட்டுமானத்தைக் குதிரையில் வந்து மேற்பார்த்தவர் எலிசபெத் ஸ்பால்டிங் என்ற பெண்மணி. தெருவில் நடந்து பார்த்தோம். ஒரே மாதிரி வீடுகளில் ஒருவர் திண்ணையை மூடியிருக்கிறார், ஒருவர் ஒரு அறை சேர்த்திருக்கிறார், ஒருவர் தூணை மாற்றியிருக்கிறார். "வீட்டுக்கும் ஆல்டரேஷன் பண்ணியிருக்காங்க பார்" என்றார் என் கணவர். நூறு வருஷத்துக்கு மேலாகியும் பலகைகள் ஒன்றோடொன்று இறுகிப் பொருந்தி நிற்கின்றன. வெட்டியவன் சரியாக அளந்திருக்கிறான்.

வாங்கலாமா? தையல், மரவேலை, கடை என்று கையால் ஏதாவது செய்கிறவர்கள் கண்டிப்பாக வாங்குங்கள். அமெரிக்க வரலாறு தெரிய வேண்டும் என்று மட்டும் வாங்கினால் திகட்டிவிடும், இதில் விளக்கம் கிடையாது, சாமானும் விலையும்தான். பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கிறது. என் மகள் பொம்மைப் பக்கத்தையும் தொப்பிப் பக்கத்தையும் பார்த்துப் படம் வரைந்துகொண்டே இருக்கிறாள். அந்தக் காலப் பிள்ளைகள் பழைய கேட்லாக்கிலிருந்து உருவங்களை வெட்டிக் காகிதப் பொம்மை செய்து விளையாடுவார்களாம், நல்லவேளை அதை இவளிடம் இன்னும் சொல்லவில்லை.

என் பிரதியில் ஒரு குறை: பசையால் ஒட்டிய முதுகு. இரண்டு மாதம் புரட்டியதில் நடுவில் விட்டுப்போய், இரண்டு பாகமாகக் கையில் வந்துவிட்டது. தோல் தைக்கும் ஊசியும் மெழுகு பூசிய நூலும் எடுத்து, முதுகோரம் ஐந்து துளை போட்டுத் தைத்து, மேலே பழைய டெனிம் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். இப்போது மிஷின் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் சிகாகோவிலிருந்து ஒருவர், நேரில் வர முடியாது, அளவை எழுதி அனுப்புகிறேன், கோட்டைத் தபாலில் அனுப்பினால் பிடித்துத் தருவீர்களா என்று கேட்டார். உயரம், எடை, வயது மூன்றையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.